தையல் வெளியே இருந்த சட்டை

என் அக்காவைச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் "பொத்தான் அத்தை" என்றுதான் கூப்பிடும். அத்தை முறை ஆகாத பிள்ளைகளுக்கும் அவள் அத்தைதான். கூடப்பிறந்த உரிமையில் அக்கா என்று கூப்பிடுகிறவன் நான் ஒருத்தன். அந்த உரிமையில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரமாகச் சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று போகும். அதில் சாய்ந்தால் முதுகு வெந்துவிடும். சலவையிலிருந்து வரும் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாவற்றையும் பிரித்து அடுக்குவாள். கிழிந்ததை ஒதுக்கி ஒட்டுப் போடுவாள். அங்கே மிஷின் இல்லை. எல்லாம் கைத்தையல்தான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களிடம், "ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளை வந்தா சொல்றேன்" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் தடவை யாரும் கேட்டதில்லை.

சொந்தத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அக்கா கையிலிருந்து ஒரு பொட்டலம் போகும். பழைய ஆம்பளைச் சட்டையின் முதுகுத் துணியில் வெட்டிய ஜொள்ளுத் துணி இருக்கும். நூறு தடவை துவைத்த துணிதான் பிள்ளை கழுத்துக்கு இதம் என்பாள். ஒற்றைக் காலுறையை அடைத்து முயல் செய்வாள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குத் துணியிலேயே புத்தகம் தைத்துக் கொடுப்பாள். ஒரு பக்கத்தில் கதவு இருக்கும், அதைத் திறந்தால் பூனை இருக்கும். இன்னொரு பக்கத்தில் சட்டை ஒன்று இருக்கும், பிள்ளை அதற்குப் பொத்தான் போட்டுப் பழகலாம். துணி சுற்றிய உருண்டைப் பொத்தான். பிடுங்கி வாயில் போட முடியாதபடி அவ்வளவு இறுக்கமாகத் தைத்திருப்பாள். பொத்தான் அத்தை என்ற பெயர் அதில் வந்ததுதான். வீட்டு விசேஷத்தில் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தால், எல்லாத் தலையிலும் அக்கா ஒரே துணியில் தைத்த ரிப்பன் பூ இருக்கும்.

நான் சீட் தைக்கிறவன். லாரி, வேன், கார் என்று எது வந்தாலும் ரெக்சினை வெட்டி உறை போட்டுக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்பு தாண்டவில்லை. ஆனால் என் பட்டறையில் தைத்த சீட்டை மாடு முட்டினாலும் பிரியாது என்று பேர் வாங்கியிருக்கிறேன். அக்காவின் வேலையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு இளப்பம். "என்னக்கா, இன்னைக்கு எத்தனை அங்குலம் தச்ச? நான் ரெண்டு லாரிய முடிச்சிட்டேன்" என்பேன். "லாரி அழுதா நீதான் தாலாட்டணும்டா" என்பாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் சலவை வேலை மொத்தத்தையும் வெளி ஆளுக்கு ஒப்பந்தம் விட்டார்கள். துணி அறையை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அக்கா மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். "எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்றேன். "வந்து? உன் பொண்டாட்டி சமைக்கிறத நானும் உக்காந்து குறை சொல்லணுமா? நீ ஒருத்தன் பத்தாதா?" என்றாள்.

அந்த நேரத்தில்தான் என் சம்பந்தியம்மா ஒரு வழி காட்டினார். மகளின் மாமியார். சின்னக் குழந்தைகளுக்கான துணிக்கடை வைத்திருக்கிறார். சுறுசுறுப்பான மனுஷி, வாய் தயவு பார்க்காது. பிரசவத்துக்குப் பிறகு மகள் எங்கள் வீட்டில் இருந்தபோது பேத்தியைப் பார்க்க வந்தவர், தொட்டில் பக்கத்தில் கிடந்த துணிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பூனைக் கதவை நாலு தடவை திறந்து மூடினார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, "பச்சைக் குழந்தைக்குச் சட்டை தைப்பீங்களா? மூணாம் மாசம் ரெண்டு வீட்டுச் சொந்தமும் கூடுறப்ப என் பேத்தி உங்க சட்டையத்தான் போட்டிருக்கணும். எனக்குப் பிடிச்சதுன்னா என் கடை அலமாரியில ஒரு தட்டு உங்களுக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா என் பட்டறைக்கு வந்தாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். "இது மட்டும் அமைஞ்சிடுச்சுன்னா யார் கையையும் எதிர்பாக்காம இருந்துடுவேன்டா." அவள் அப்படி ஆசைப்பட்டு ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு சட்டைக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். விருந்துக்கு முந்தின நாள் காலையில் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். பிடித்தால் கையில் இருப்பதே தெரியாத வெள்ளைத் துணி. பொத்தான் கிடையாது, பக்கவாட்டில் கட்டுவதற்கு நாடா இருந்தது. பொத்தான் அத்தை பொத்தானையே மறந்துவிட்டாளா என்று முதலில் சிரித்தேன். அடுத்து என் கண்ணில் பட்டது தையல். தோள், அக்குள், கழுத்து எல்லா இடத்திலும் மடிப்பும் தையலும் வெளிப்பக்கம் இருந்தன. உள்பக்கம் வழவழ என்று இருந்தது. திருப்பித்தான் மடித்திருக்கிறாள் என்று உள்ளே கைவிட்டுத் திருப்பினேன். நாடா உள்ளே போய்விட்டது. அப்படியானால் தைத்ததே தலைகீழ்.

பாவம், அவசரத்தில் உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாமல் தைத்துவிட்டாள், நாளைக்குச் சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகும் என்று நினைத்தேன். யார் மானம் என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். என் மானம்தான்.

பெண்டாட்டியிடம் காட்டியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். காட்டவில்லை. எதையும் யாரையும் கேட்டுச் செய்கிறவன் இல்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. சட்டையைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஒன்பது நாள் தையலை அரை மணி நேரத்தில் பிளேடால் பிரித்தேன். மடிப்பை உள்ளே தள்ளி, கார் சீட்டுக்கு வைத்திருக்கும் வெள்ளை நைலான் நூலைப் போட்டு மிஷினில் ஓட்டினேன். சீட் தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நைலான் நூலை முடிச்சுப் போட்டால் நழுவும். அதனால் முனையை லைட்டரில் காட்டி உருக்கிவிடுவோம். அது கடுகளவு கட்டியாக இறுகி நிற்கும், பிறகு எந்தக் காலத்திலும் பிரியாது. அந்தச் சட்டையில் ஆறு இடத்தில் அப்படி உருக்கினேன். கழுத்துக்குப் பின்னால் ரெண்டு, அக்குளுக்கு ரெண்டு ரெண்டு. இழுத்துப் பார்த்தேன். மாடு முட்டினாலும் பிரியாது. பழைய மாதிரியே காகிதத்தில் சுற்றி வைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சங்கடப்படுவாள், பிறகு ஒரு நாள் கிண்டலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். மகள் குழந்தைக்கு அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். வந்ததிலிருந்து குழந்தை அழுதது. ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றினார்கள். கிலுகிலுப்பை ஆட்டினார்கள். சம்பந்தி என்னைப் பார்த்து, "பேத்திக்கு உங்க தொண்டை அப்படியே வந்திருக்கு சம்பந்தி, பட்டறைக்கு ஆள் ரெடி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. "பசி அழுகை இல்ல இது, குடு இப்படி" என்று வாங்கி, மடியில் குப்புறப் போட்டு நாடாவை அவிழ்த்தார். கழுத்துக்குப் பின்னால் சிவப்பாக ரெண்டு புள்ளி, அக்குளில் கயிறு கட்டிய மாதிரி ஒரு கோடு. மகள் ஐயோ என்று வாயைப் பொத்தினாள். சம்பந்தியம்மா சட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். "என்ன இது, கல்லு மாதிரி? பிளாஸ்டிக்கா?"

"குடுங்க பாக்கலாம்" என்று அக்கா கை நீட்டினாள்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கட்டியின் மேல் கட்டை விரலை வைத்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. எதையோ கொடுத்துவிட்டு, வாங்கிக்கொள்வேனா என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். நான் குனிந்து, யாரும் கேட்காத ஒரு நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றாள் அக்கா. "முதல்ல குழந்தைக்கு வேற துணி மாத்துங்க."

"நம்ம வீட்டுப் புள்ளையோட போச்சு, நல்லவேளை" என்றார் சம்பந்தியம்மா. "வேற வீட்டுப் புள்ளையா இருந்தா நான் கடைய இழுத்து மூட வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இது சரிப்படாது."

அக்கா தலையாட்டினாள். சாப்பிடாமலே கிளம்பினாள். டூட்டி இருக்கிறது என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, துணி அறைக்கு லீவு.

அதற்குப் பிறகு பதினோரு நாள். மறுநாளே சொல்லிவிடலாம் என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள், இனிமேல் சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று நினைத்தேன். போன் வழியாகப் பேச்சு சொந்தம் முழுக்கப் பரவியது. பொத்தான் அத்தைக்குக் கண் மங்கிவிட்டதாம், பிள்ளைக்குப் புண் வரும்படி தைத்தாளாம். தன் பிள்ளைக்குத் துணிப் புத்தகம் கேட்டிருந்த சித்தப்பா மகன், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டான். என் பெண்டாட்டி சோறு போட்டுக்கொண்டே, "அண்ணிக்கு நெசமாவே கண்ணு தெரியலையோ என்னவோங்க, ஒரு தடவை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

நான், "ஆமா, வயசாச்சுல்ல" என்றேன்.

குழந்தை முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதைக்கூடப் பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என்னை இன்றைக்கும் அறுப்பது அந்த "ஆமா"தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு சாவகாசமாகச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸின் சீட் கிழிந்திருக்கிறது என்று அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். துணி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. அலமாரிகள் பாதி காலி. அக்கா மேஜையில் குனிந்து ஒரு விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா எழுதுற?"

"புது ஒப்பந்தக்காரன் வார்டு துடைக்க ஆள் எடுக்குறானாம். வயசு கேட்டிருக்கான். அம்பத்தஞ்சுன்னு போடவா, உள்ளதப் போடவா?"

நான் அங்கே கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இவளுக்கு முட்டி வலி. படி ஏறினாலே ரெண்டு தடவை நிற்பாள்.

"அக்கா, அந்தச் சட்டை..."

"எந்தச் சட்டை?"

"தெரியாத மாதிரி கேக்காதக்கா."

"நீதான்டா பதினோரு நாளா தெரியாத மாதிரி திரியற."

"உனக்கு எப்ப தெரியும்?"

"கையில வாங்கின உடனே. நூலை நெருப்புல பொசுக்கி விடுற புத்தி நம்ம வம்சத்துலயே உனக்கு மட்டும்தானே இருக்கு."

"அப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அங்கதானே நின்ன" என்றாள்.

நான் கேட்கக் கூடாத கேள்வியையும் கேட்டேன். "தையல் வெளிய இருந்துச்சேக்கா. நான் நீ தப்பா தச்சுட்டேன்னு..."

"வெளியதான்டா இருக்கணும். பச்சைப் புள்ள தோலு வெங்காயச் சருகு மாதிரி. உள்ள ஒரு நூல் உரசினாலும் தடிச்சுப்போகும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல, எடை குறைஞ்ச புள்ளைங்களுக்குச் சட்டை தைக்கச் சொல்லி பிரசவ வார்டு நர்ஸம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. தையல் வெளிய, பொத்தான் வேணாம், நாடா போதும்னு. முப்பது வருஷமா அப்படித்தான் தைக்கிறேன். உன் பொண்ணு பொறந்தப்ப அவ போட்டதும் அதே சட்டைதான். ஒரு நாளும் பாக்கலையா நீ?"

பார்த்ததில்லை. என் பிள்ளைக்கு ஒரு நாளாவது நான் சட்டை மாட்டிவிட்டிருந்தால்தானே பார்த்திருக்க.

"இப்ப நான் என்னக்கா செய்யட்டும்?"

"என்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே." விண்ணப்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயது என்று இருந்த இடத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினாள்.

ஆம்புலன்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்து நேரே சம்பந்தியம்மா கடைக்குப் போனேன். கிரீஸ் சட்டையோடு அந்தக் கடைக்குள் நிற்பதே ஒரு தண்டனை. எங்கே திரும்பினாலும் கை அகலத்துக்கு ஒரு கவுன் தொங்குகிறது. எதிலும் பட்டுவிடாமல் கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி தொப்பி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு மேல்தான் வீடு. விருந்தோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்த மகளும் என் குரல் கேட்டுக் குழந்தையோடு இறங்கி வந்துவிட்டாள். தனியாகச் சொல்லலாம் என்று வந்தவன், பிறகு அன்று கூடத்தில் நின்ற கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பிரித்தது, நைலான் நூல், லைட்டர், நாற்காலியைத் தூக்கிப் போட்டது. பெண்டாட்டியிடம் சொன்ன "ஆமா" வரைக்கும் சொன்னேன்.

சம்பந்தியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இதைச் சொல்ல உங்களுக்குப் பன்னெண்டு நாளாச்சா?"

"ஆச்சு."

"அவங்க சாப்பிடாம போனாங்க. அப்பகூட உங்களுக்கு வாய் வரல."

"வரல."

மகள் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு ராத்திரி பொத்தான் அத்தைக்குப் போன் போட்டு நான் என்னெல்லாம் திட்டினேன் தெரியுமாப்பா? எங்க அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு, 'குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும்மா'ன்னு மட்டும் சொன்னாங்க." போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் யாருக்குப் பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"சரி, அக்காவுக்குச் சொன்ன அலமாரித் தட்டு?" என்று கேட்டேன்.

"தட்டு வேற ஆளுக்குப் போயாச்சு. உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருப்பேன்?" என்றார் சம்பந்தியம்மா. கொஞ்சம் யோசித்தார். "ஆறு சட்டை தைக்கச் சொல்லுங்க. கல்லாவுக்குப் பக்கத்துல வெக்கிறேன். ஒவ்வொண்ணையும் என் கன்னத்துல தேச்சுப் பாத்துட்டுத்தான் வெப்பேன். இன்னொண்ணு. தையல் தொழில்லயே இருக்கிற உங்களுக்கே தப்பா தச்ச மாதிரி தெரிஞ்சதுன்னா, வாங்குறவங்களும் திருப்பிக் கொண்டுவந்து நிப்பாங்க. அதனால ஒவ்வொரு சட்டையிலயும் விஷயத்தை எழுதி ஒரு சீட்டு குத்தணும். அந்தச் சீட்டை நீங்கதான் எழுதணும்."

எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கூடத்தில், அக்கா எதிரே உட்கார்ந்து கடைசிச் சட்டைக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருக்க, நான் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு சீட்டும் எழுதினேன். "இந்தச் சட்டையில் தையல் வெளியே இருப்பது தவறு அல்ல. குழந்தையின் உடம்பில் உரசக் கூடாது என்று வெளியே வைத்துத் தைத்தது." அடித்தல் திருத்தல் ஆகி மூன்று சீட்டைக் கிழித்துப் போட்டேன். பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "எழுத்து நல்லாத்தான் இருக்கு, லாரி நம்பர் பிளேட்டு மாதிரி" என்றாள். அக்கா சிரித்தாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

அப்படி ஆகவில்லை. ஆறு சட்டை சோறு போடாது. அக்கா காலையில் வார்டு துடைக்கப் போகிறாள். மத்தியானத்துக்கு மேல்தான் தைக்கிறாள். ஆறு பன்னிரண்டானது, அதற்கு மேல் இன்னும் ஏறவில்லை. சொந்தக்காரர்களுக்கு நானே ஒவ்வொருத்தராகப் போன் போட்டுச் சொன்னேன். சித்தப்பா மகன், "அப்படியாண்ணே" என்றான். துணிப் புத்தகத்தை மட்டும் மறுபடி கேட்கவில்லை. அவன் பிள்ளைக்குக் கடையில் ஒன்று வாங்கிவிட்டார்களாம்.

சீட்டு தீர்ந்தால் அக்கா வருவாள். நான் எழுதுகிற நேரத்தில் அவளும் உட்கார்ந்து தைப்பாள். வாய் ஓயாமல் பேசுவாள். என்னைக் கிண்டல் செய்வாள். நடுவில் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு எழுந்தால், பாதி தைத்த சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவாள். ஐந்தடி தூரம்தான். தம்ளரை ஒரு கையால் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதே மாதிரி திரும்பி வந்து உட்காருவாள். வைத்துவிட்டுப் போக்கா என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.